பேஸ் ஹெட்டுக்கும் பாக்ஸுக்கும் பொருத்தம் பாக்குறது எப்படி?

கொஞ்சம் நீண்ட பதிவு. டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

சுகர், பிரஷர், நாய்க்கடின்னு எழுதிட்டு இருந்த டாக்டர் திடீர்னு ஆம்ப்ளிஃபயர் பத்தி எழுதுறாங்களேன்னு சில பேருக்குத் தோணும். காரணம் ரெண்டு. ஒண்ணு, ஜூன் 21 வருது. 1982ல் பிரான்ஸில், ஜாக் லாங் கலாச்சார அமைச்சரா இருந்தப்போ ஆரம்பிச்ச இசைத் திருநாள், பழைய பிரெஞ்சு ஊர்ங்கிறதால நம்ம புதுச்சேரியிலயும் நடக்குது. அது முடிஞ்ச கையோட ஆடி பொறந்துடும். கூழ் ஊத்துறது, வீராம்பட்டினம் தேர், ஊருக்கு ஊர் மேடை, மெல்லிசைக் குழு. ரெண்டாவது காரணம், என் சித்தி பையன். அவனைப் பத்தி கீழ சொல்றேன்.

உனக்கு இதுல என்ன தெரியும்னு கேட்டா, நியாயமான கேள்வி. எங்கப்பா தவளக்குப்பத்துல மைக் செட் வச்சிருந்தவர். கல்யாணம், காதுகுத்து, சிங்கிரிகுடி பக்கம் திருவிழா, அரசியல் கூட்டம், சாவு வீடு எல்லாத்துக்கும் எங்க வீட்டு வண்டிதான் போகும். பத்தாவது லீவுல நான் சுருட்டின ஒயர நீட்டினா கடலூர் போயிடலாம். அனாட்டமி புத்தகத்தை நான் படிச்சது எரிஞ்சுபோன காயில் வாசனைக்கு நடுவுலதான். அந்த வாசனை மூக்குல இன்னும் இருக்கு.

முதல்ல பேர் தெரிஞ்சுக்குவோம். பேஸ் கிட்டார்காரங்க பயன்படுத்துற ஆம்ப் ரெண்டு துண்டா வரும். மேல இருக்குற மின்னணு பெட்டி 'ஹெட்'. கீழ ஸ்பீக்கர் இருக்குற மரப்பெட்டி 'கேபினெட்', நம்ம ஊர்ல பாக்ஸ். ரெண்டும் சேர்ந்தே வந்தா பிரச்சினை இல்ல, கம்பெனிக்காரனே பொருத்தம் பார்த்துக் குடுத்திருப்பான். தனித்தனியா வாங்கினாலோ வாடகைக்கு எடுத்தாலோதான் ஜாதகம் பாக்கணும்.

சாதாரண கிட்டாருக்கு இவ்ளோ அக்கப்போர் இல்லையேன்னா, பேஸ் கீழ இறங்குற ஆழம் அப்படி. நாலு கம்பி பேஸ்ல தடிக்கம்பி, அதாவது 'ஈ', வினாடிக்கு 41 தடவை அதிரும். அஞ்சு கம்பி பேஸ்ல 'பி' கம்பி 31 தடவை. மனுஷன் காதுக்குக் கீழ் எல்லையே 20தான். அவ்ளோ மெதுவான அதிர்வை சத்தமா மாத்தணும்னா கோன் நிறைய காத்தைத் தள்ளணும், முன்னும் பின்னும் நிறைய தூரம் போய்வரணும். இளையராஜா பாட்டுல சசிதரன் வாசிச்ச பேஸையும் ரஹ்மான் பாட்டுல கீத் பீட்டர்ஸ் வாசிச்சதையும் கேட்டு வளர்ந்த பசங்க மேடையில அதே குண்டு சத்தம் வேணும்னு ஆசைப்படுறது தப்பே இல்ல. அதுக்கு வேணுங்கிற கரண்ட் கொஞ்சநஞ்சமில்ல, அவ்ளோதான்.

இப்ப ஓம்ஸ்.

ஹெட்டைத் திருப்பிப் பாருங்க. 'குறைந்தபட்சம் 4 ஓம்ஸ்'ங்கிற மாதிரி ஏதாவது இருக்கும். பாக்ஸ் பின்னாடி '8 ஓம்ஸ், 300 வாட்ஸ்' மாதிரி ஒண்ணு இருக்கும். ஓம்ஸ்னா தடை. நிறைய பேர் 8 ஓம்ஸ் பெரிய நம்பர், அதனால ஆம்புக்கு அதிக பாரம்னு நினைக்கிறாங்க. நேர்மாறு. ஓம்ஸ் குறையக் குறையத்தான் ஆம்புக்குக் கஷ்டம்.

எனக்கு இது புரிஞ்சது எலக்ட்ரானிக்ஸ் புத்தகத்துல இல்ல, பிசியாலஜி வகுப்புல. ரத்த அழுத்தம்ங்கிறது இதயம் நிமிஷத்துக்குத் தள்ளுற ரத்தத்தையும் ரத்தக்குழாய்களோட தடையையும் பெருக்கினா வர்றது. வோல்ட்ங்கிறது ஆம்பியரையும் ஓமையும் பெருக்கினா வர்றது. ஒரே கணக்கு, பேர்தான் வேற.

டயாலிசிஸ் பண்றவங்க கையில ஃபிஸ்டுலா போட்டிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. தமனியையும் சிரையையும் நேரா இணைச்சு வைக்கிறது. நடுவுல இருக்குற தடையை ரத்தம் சுத்திப் போகாம குறுக்கு வழியில பாயும். அதனாலதான் ஊசி போட வசதியா அந்தக் குழாய் பெருசாகுது. ஆனா சில பேருக்கு அந்த வழியா பாயுற ரத்தம் ரொம்ப அதிகமாகி, அதுக்கு ஈடுகட்ட இதயம் ஓயாம ஓடி, கடைசியில இதயமே தளர்ந்துடும். ஹை அவுட்புட் ஃபெயிலியர்னு சொல்வோம். இதயம் பலவீனமா இருந்ததால வந்த வியாதி இல்ல அது, எதிர்ல தடை இல்லாததால வந்தது. குறைஞ்ச ஓம்ஸ்ல ஓடுற டிரான்சிஸ்டர் ஆம்புக்கு வர்றதும் இதே வியாதிதான்.

கணக்கா பார்ப்போம். ஒரு ஆம்ப் 40 வோல்ட் தள்ளுதுன்னு வச்சுக்குங்க. 8 ஓம்ஸ் பாக்ஸ்ல 5 ஆம்பியர் ஓடும், 200 வாட்ஸ். 4 ஓம்ஸ்னா 10 ஆம்பியர், 400 வாட்ஸ். 2 ஓம்ஸ்னா 20 ஆம்பியர், 800 வாட்ஸ். காகிதத்துல பிரமாதம். ஆனா அந்த 20 ஆம்பியரைத் தாங்குற பவர் சப்ளையும் டிரான்சிஸ்டரும் ஹீட் சிங்க்கும் உள்ள இருக்கணுமே? 4 ஓம்ஸுக்கு மேலன்னு எழுதின ஆம்புல இருக்காது. நல்ல ஆம்ப்னா தானே பாதுகாப்புக்குப் போய் வாயை மூடிக்கும். மலிவான ஆம்ப்னா புகை.

ரெண்டு பாக்ஸ் மாட்டும்போதுதான் பசங்க மாட்டிக்கிறாங்க. ஹெட்ல இருந்து முதல் பாக்ஸுக்கு ஒரு கேபிள், முதல் பாக்ஸ்ல இருந்து ரெண்டாவது பாக்ஸுக்கு இன்னொரு கேபிள். பார்க்க ரயில் பெட்டி மாதிரி வரிசையா இருக்கா, சீரீஸ்னு நினைச்சு 8ம் 8ம் 16ன்னு கூட்டிடுவாங்க. பாக்ஸ் பின்னாடி இருக்குற ரெண்டு ஜாக்கும் உள்ள பக்கவாட்டுலதான், அதாவது பேரலலாதான் இணைஞ்சிருக்கும். 8ம் 8ம் சேர்ந்தா 4. மூணு 8 சேர்ந்தா 2.67. ஒரு 8ம் ஒரு 4ம் சேர்ந்தாலும் அதே 2.67. ஒவ்வொரு பாக்ஸும் ஒரு புது வாய்க்கால் வெட்டுற மாதிரி. வாய்க்கால் கூடினா தண்ணி கூடத்தான் போகும், மோட்டார்தான் திணறும்.

இனி சித்தி பையன் கதை.

பகல்ல ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை, ராத்திரி பேஸ். நாலு பேர் சேர்ந்து ஒரு குழு. இந்த வருஷம் ஜூன் 21க்கு ஒரு இடத்துல வாசிக்க வாய்ப்பு வந்திருக்கு. ஊருக்குத் திரும்பிப் போற ஒரு வெளிநாட்டுக்காரர்கிட்ட இருந்து 100 வாட்ஸ் வால்வ் ஹெட் ஒண்ணு வாங்கினான், அதுக்காக பைக்கை வித்துட்டான். பஸ்ல வேலைக்குப் போறான். சித்தி அவன்கூட பேசுறதில்ல. அந்த ஹெட் புகைஞ்சா பைக்கும் போச்சு, சித்தியும் போச்சு, மேடையும் போச்சு. அதான் நிலைமை.

பாக்ஸ் வாங்கக் காசு இல்ல. தெரிஞ்ச சவுண்ட் சர்வீஸ்ல ரெண்டு பாக்ஸ் வாடகைக்குப் பேசிட்டு எனக்கு போன். "அக்கா, ரெண்டுலயும் 8 ஓம்ஸ்னு போட்டிருக்கு. ரெண்டையும் மாட்டிட்டு ஹெட்ல 4க்குத் திருப்பிட்டா சரிதானே?" கணக்கு சரி. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "மீட்டர் வச்சுப் பார்த்தியாடா?"

பழைய சீட்டைப் பார்த்து மருந்து எழுதுறதும் ஸ்டிக்கரைப் பார்த்து பாக்ஸ் மாட்டுறதும் ஒண்ணுதான். ஆளைத் தொட்டுப் பாக்கணும். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். ஓம்ஸ் அளவுல வச்சு, முதல்ல ரெண்டு முள்ளையும் ஒண்ணோட ஒண்ணு தொட வச்சுப் பாருங்க. 0.3, 0.4ன்னு ஏதாவது காட்டும், அது மீட்டர் ஒயரோட சொந்தத் தடை, கழிச்சுக்கணும். அப்புறம் பாக்ஸைக் கழட்டி வச்சு, ஹெட்ல மாட்டாம, கேபிள் முனையில வச்சுப் பாருங்க. 8 ஓம்ஸ் பாக்ஸ் 8 காட்டாது. மீட்டர் அளக்குறது காயில் கம்பியோட தடையை மட்டும்தான், அதனால 5.5ல இருந்து 7க்குள்ள காட்டும். 4 ஓம்ஸ் பாக்ஸ் மூணு, மூணரை காட்டும். சுத்தமா பூஜ்யம்னா எங்கயோ ஷார்ட். ஒண்ணுமே காட்டலைன்னா காயிலோ ஒயரோ அறுந்திருக்கு.

இன்னொரு வேடிக்கை இருக்கு. நாலு பத்து இஞ்ச் ஸ்பீக்கர் இருக்குற 8 ஓம்ஸ் பாக்ஸ்ல பெரும்பாலும் ரெண்டு ரெண்டா சீரீஸ், அந்த ரெண்டு ஜோடியும் பேரலல். அதுல ஒரு காயில் அறுந்தா அந்த ஜோடியே ஊமையாயிடும். மீட்டர் 6க்குப் பதிலா 12 காட்டும். பாக்ஸ் செத்துடல, சத்தம் வரும், ஆனா மிச்ச ரெண்டு ஸ்பீக்கர்தான் முழு அடியையும் வாங்கிட்டு இருக்கும். ஒரு கிட்னி வேலை செய்யாதவர் நல்லாத்தானே நடமாடுறார்ங்கிற மாதிரி. பாக்குறவங்களுக்குத் தெரியாது.

தம்பி மீட்டரோட போனான். ஒரு பாக்ஸ் 6.2. இன்னொண்ணு 3.3.

ரெண்டாவது பாக்ஸ்ல எப்பவோ காயில் போய், ரீகோனிங் பண்ணும்போது கிடைச்ச 4 ஓம்ஸ் காயிலைப் போட்டிருக்காங்க. வெளிய ஸ்டிக்கர் பழசு. யாரையும் குறை சொல்றதுக்கில்ல, எங்கப்பா கடையிலயும் இதே நடந்திருக்கு, சீசன் நேரத்துல கிடைச்சதைப் போட்டு அனுப்புறதுதான். ஆனா அவன் திட்டப்படி மாட்டியிருந்தா 4ல வச்ச ஹெட்டுக்கு எதிர்ல 2.67 இருந்திருக்கும். உடனே வெடிச்சிருக்கும்னு சொல்ல மாட்டேன். வால்வ் ஹெட் அந்த அளவு பொருந்தாமையைக் கொஞ்ச நேரம் தாங்கலாம். ரெண்டு மணி நேரம் முழு வால்யூம்ல, ஜூன் மாசப் புழுக்கத்துல, பழைய வால்வு எவ்ளோ தாங்கும்னு பந்தயம் கட்ட நான் தயாரில்ல. பைக் அவனோடது.

வால்வ் ஹெட் ஒரு தனி சாதி. டிரான்சிஸ்டர் ஆம்புக்கு பாக்ஸ் மாட்டலைன்னா பிரச்சினை இல்ல, சும்மா உக்காந்திருக்கும். வால்வ் ஆம்புக்கு அதுதான் எமன். உள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்னு ஒண்ணு இருக்கு. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல நிக்கிற தரகர். அது சேர்த்து வச்ச சக்தி போறதுக்கு வழி வேணும். பாக்ஸ் இல்லாம வாசிச்சா போக்கிடம் இல்லாம வோல்டேஜ் எகிறி, உள்ளயே பொறி பறந்து, டிரான்ஸ்ஃபார்மர் காலியாகும். மோட்டார் ஓடும்போது வால்வை டக்குனு மூடினா பைப் 'டொம்'னு அடிக்குமே, அந்த மாதிரி. அதனால வரிசை எப்பவும் இதுதான்: பாக்ஸ் மாட்டு, ஓம்ஸ் திருகியைச் சரியா வை, அப்புறம் சுவிட்ச் போடு. பின்னாடி மூடியைக் கழட்டிப் பாக்குற ஆர்வக்கோளாறும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள கப்பாசிட்டர்ல நூத்துக்கணக்கான வோல்ட் உக்காந்திருக்கும்.

வால்வ் ஹெட்ல பேர்போனது ஆம்பெக் எஸ்.வி.டி. 1969ல வந்தது, 300 வாட்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த வருஷ அமெரிக்கச் சுற்றுப்பயணத்துல வச்சு வாசிச்சாங்க. ஹெட் மட்டுமே 35 கிலோவுக்கு மேல. கூட வர்ற எட்டு ஸ்பீக்கர் பாக்ஸுக்கு செல்லப்பேரே 'ஃபிரிட்ஜ்'. இன்னிக்கு 'கிளாஸ் டி' ஹெட் ரெண்டு மூணு கிலோவுல 500 வாட்ஸ் தருது. என்கிட்ட கேட்டா முதுகுத்தண்டுக்காக இதையே வாங்குங்கன்னுதான் சொல்வேன். தம்பி கேக்கல. வால்வு சத்தம் வேறயாம்.

சரி, வாட்ஸ். இது ஓம்ஸ் அளவுக்குக் கறாரான கணக்கு இல்ல. முதல்ல ஆர்.எம்.எஸ் வாட்ஸை மட்டும் பாருங்க. பீக்குங்கிறது விருந்தாளி வந்தப்போ காட்டுற முகம். பி.எம்.பி.ஓ சுத்தமா கட்டுக்கதை, ஒரு காலத்துல கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் டப்பாவுல எல்லாம் ஆயிரக்கணக்குல அடிச்சு வித்தாங்களே, அதான். பாக்ஸோட ஆர்.எம்.எஸ்ஸும், அந்த ஓம்ஸ்ல ஹெட் தர்ற ஆர்.எம்.எஸ்ஸும் ஏறக்குறைய சமமா இருந்தா நிம்மதி. ஹெட் பெருசா இருந்தா கை கட்டுப்பாடா இருக்கணும். சின்னதா இருந்தா? 'சின்ன ஆம்ப் கிளிப் ஆகி ஸ்பீக்கரை எரிச்சுடும்'னு ஒரு பேச்சு ஊருக்குள்ள இருக்கு. பாதி உண்மை. ஒரு ஆம்பை முழுசா நசுக்கி சதுர அலையா மாத்தினாலும் அதோட கணக்கு வாட்ஸ்ல ரெண்டு மடங்குதான் வரும். 50 வாட்ஸ் ஆம்ப் என்ன கத்தினாலும் 400 வாட்ஸ் பேஸ் ஸ்பீக்கரோட காயிலை எரிக்காது. 300 வாட்ஸ் ஆம்பை நசுக்கி 300 வாட்ஸ் பாக்ஸ்ல விட்டா எரியும். பாக்ஸ்ல குட்டி ட்வீட்டர் இருந்தா முதல்ல சாகுறது அதுதான்.

காயில் எரியிறது ஒரு சாவு, கோன் கிழியிறது இன்னொரு சாவு. ரெண்டாவதை வாட்ஸ் நம்பர் சொல்லாது. அஞ்சு கம்பி பேஸ்ல அந்த 31 ஹெர்ட்ஸை பூஸ்ட் பண்ணி, பேஸ் திருகியை முழுசா திருப்பினா, பாதி வாட்ஸ்லயே கோன் தன் எல்லையைத் தாண்டி வெளிய பாயும். 'டப் டப்'னு கட்டையில தட்டுற மாதிரி சத்தம் வந்தா உடனே குறைங்க. எரியிற வாசனை வந்தாலும் குறைங்க, ஆனா அப்ப பெரும்பாலும் லேட்.

சத்தம் பத்தலைன்னு வாட்ஸ் கூட்டுறவங்களுக்கு ஒரு தகவல். வாட்ஸை ரெண்டு மடங்காக்கினா கூடுறது 3 டெசிபல்தான். காதுக்கு 'ரெண்டு மடங்கு சத்தம்'னு தோணணும்னா ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேணும். பாக்ஸ் விவரத்துல 'சென்சிடிவிட்டி'ன்னு 94, 97ன்னு ஒரு எண் இருக்கும். 94 இருக்குற பாக்ஸை விட்டுட்டு 97 பாக்ஸ் எடுத்தா, ஹெட்டை ரெண்டு மடங்கு ஆக்கினதுக்குச் சமம். யாரும் பாக்குறதில்ல, விலை கேக்கும்போது வாட்ஸைத்தான் கேக்குறோம்.

கேபிள். இதுல அடிச்சுச் சொல்றேன். கிட்டார்ல இருந்து ஆம்புக்குப் போற கேபிளும் ஆம்ப்ல இருந்து பாக்ஸுக்குப் போற கேபிளும் வெளிய ஒரே மாதிரி, ரெண்டு முனையிலயும் அதே கால் இஞ்ச் ஜாக். உள்ள வேற. கிட்டார் கேபிள்ல நடு ஒயர் நூல் மாதிரி, சுத்தி வலை. மில்லிவோல்ட் போறதுக்குச் செஞ்சது. அதுல 10 ஆம்பியர் விட்டா சூடாகி உருகி ஷார்ட் ஆகும், டிரான்சிஸ்டர் ஆம்புக்கு அது சாவு. நல்ல தடியான ரெண்டு கோர் ஸ்பீக்கர் ஒயர்தான் வேணும். ஸ்பீக்கான் சாக்கெட் இருந்தா அதையே எடுங்க, திருகிப் பூட்டிக்கும், பாதியில கழண்டு ஷார்ட் ஆகாது. நம்ம ஊர் உப்புக்காத்துக்கு எந்த ஜாக்கும் ஒரே வருஷத்துல பச்சை பிடிக்கும், துடைச்சு வைங்க.

சில கிளாஸ் டி ஹெட்ல ஸ்பீக்கர் போற ரெண்டு முனையுமே உயிரோட்டமா இருக்கும், ஒண்ணுகூட எர்த் இல்ல. அதுல ஒண்ணை எர்த்தோட சேத்தா முடிஞ்சுது. 'பிரிட்ஜ்' போடுற பவர் ஆம்ப்ல ஒவ்வொரு பக்கமும் பாதி ஓம்ஸைத்தான் பாக்கும், அதனால தனித்தனியா 4 தாங்குற ஆம்ப் பிரிட்ஜ்ல 8க்குக் கீழ தாங்காது.

இனி எங்கப்பா ஏரியா. ஊர்ல நிறைய குழுக்கள் ஹெட் இல்லாம மைக் செட் ஆம்ப்லயே பேஸ் பாக்ஸை மாட்டுறாங்க. அஹூஜா மாதிரி மைக் செட் ஆம்ப் பின்னாடி ஸ்க்ரூ வரிசை பார்த்திருப்பீங்க: 4, 8, 16 ஓம்ஸ், பக்கத்துலயே 70 வோல்ட், 100 வோல்ட். அந்த 100 வோல்ட் தென்னை மரத்துல கட்டுற குழாய் ஸ்பீக்கருக்கு. அந்த யூனிட்ல லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 15 வாட்ஸ்ல வச்ச யூனிட் 100 வோல்ட் லைனுக்கு 667 ஓம்ஸ் மாதிரி தெரியும். அதனாலதான் மெல்லிசு ஒயரை அரை கிலோமீட்டர் இழுத்து, ஊர் பூரா குழாய் கட்டியும் ஆம்ப் அசையாம நின்னுது. சின்ன வயசுல எனக்கு அது மாயமா இருந்தது. கரண்ட் கம்பெனிக்காரங்க ஹை டென்ஷன் லைன் இழுக்குற அதே தந்திரம்.

அதே 100 வோல்ட் ஸ்க்ரூவுல 8 ஓம்ஸ் பேஸ் பாக்ஸை மாட்டினா? 100ஐ 100ஆல பெருக்கி 8ஆல வகுங்க. 1250 வாட்ஸ். 250 வாட்ஸ் ஆம்புகிட்ட அதைக் கேட்டா அதுவும் சாகும், சாகுறதுக்குள்ள பாக்ஸையும் கூட்டிட்டுப் போகும். 8 ஓம்ஸ் பாக்ஸுக்கு 8 ஓம்ஸ் ஸ்க்ரூ. வேற யோசனையே வேண்டாம்.

இவ்ளோ நேரம் சொன்னதுல செத்தது ஆம்பும் ஸ்பீக்கரும். இனி சொல்றது மனுஷன்.

சில வருஷம் முன்னாடி, ஒரு ஆடி மாச ராத்திரி டியூட்டி. அடையாளம் தெரியாம இருக்க விவரங்களைக் கொஞ்சம் மாத்தியிருக்கேன். இருபது வயசுப் பையன், பேஸ் வாசிக்கிறவன். இடது கை கம்பி மேல, உதடு மைக்ல பட்டிருக்கு. அப்படியே இழுத்துப் பிடிச்சிருக்கு, விட முடியல. யாரோ ஒருத்தர் ஓடிப்போய் ஜெனரேட்டரை அணைச்சதால எங்ககிட்ட உயிரோட வந்தான். உதட்டுல ஒரு தீக்காயம், ரெண்டு விரல்ல கம்பி அளவுக்குக் கோடு. ராத்திரி முழுக்க மானிட்டர்ல வச்சிருந்தோம். அவங்கம்மா என் கையைப் பிடிச்சுட்டு "இனிமே அவன் கிட்டாரே தொட வேணாம்னு நீங்க சொல்லுங்கம்மா"ன்னாங்க. நான் சொல்லல. அது நான் சொல்ற விஷயம் இல்ல.

என்ன நடந்ததுன்னா, ஆம்ப்ல 'ஙொய்'னு ஹம் வந்திருக்கு. ஹம் போகணும்னு யாரோ பிளக்ல இருக்குற எர்த் பின்னை உடைச்சுட்டாங்க. ஹம் போயிடுச்சு, கூடவே காவலும் போச்சு. பேஸ் கம்பி பிரிட்ஜ் வழியா ஆம்ப் உடம்போட இணைஞ்சது. மைக் மிக்சர் உடம்போட இணைஞ்சது. ஒண்ணுல லீக் ஆகி இன்னொண்ணு எர்த்ல இருந்தா, நடுவுல நிக்கிற பையன்தான் ஒயர்.

இங்கயும் அதே ஓம்ஸ் கணக்குதான். காஞ்ச தோலுக்கு ஆயிரக்கணக்கான ஓம்ஸ் தடை. வேர்த்த கை, ஈர உதடுன்னா சுமாரா ஆயிரத்துக்கு இறங்கிடும். 230ஐ 1000ஆல வகுத்தா 230 மில்லி ஆம்பியர். பத்து, பதினைஞ்சு மில்லி ஆம்பியர்லயே தசை இழுத்துப் பிடிச்சு கையை விட முடியாது. நூறு அளவுல மார்பு வழியா போனா இதயம் துடிக்கிறதை விட்டுட்டு நடுங்க ஆரம்பிச்சுடும். ஸ்டோன் தி க்ரோஸ் குழுவோட கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாசம் வேல்ஸ்ல ஸ்வான்சீ மேடையில செத்தது எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு. யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் 1976ல தன் வீட்டுல கிட்டார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். கோடிக்கணக்குல ரசிகர் இருக்குற ஊர்லயே அப்படி.

ஹம் வந்தா எர்த் பின்னைத் தொடாதீங்க. ஆம்பும் மிக்சரும் ஒரே பாயிண்ட்ல இருந்து கரண்ட் எடுக்கட்டும், பாதி ஹம் அதுலயே போகும். மிச்சத்துக்கு டி.ஐ பாக்ஸ்ல 'கிரவுண்ட் லிஃப்ட்' பட்டன் இருக்கு. அது சிக்னல் ஒயரோட எர்த்தை மட்டும்தான் பிரிக்கும், பிளக் எர்த் அப்படியே இருக்கும். மேடைக்கு வர்ற லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி ஒண்ணு போடச் சொல்லுங்க, சீரியல் பல்பு செலவுல அது ஒண்ணுமே இல்ல. பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு ஒரு முள் கம்பியில, ஒரு முள் மைக் வலையில. பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கணும். சில வோல்ட்டுக்கு மேல காட்டினா உதட்டை வைக்காதீங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

தம்பி கடைசியில 6.2 காட்டின பாக்ஸை மட்டும் எடுத்தான். ஹெட்ல திருகி 8ல. ஒத்திகையில "சத்தம் பத்தலக்கா"ன்னான். பாக்ஸைத் தரையில, சுவர் மூலையில தள்ளி வைக்கச் சொன்னேன். மூலையில வச்சா பேஸ் தானா கூடும், காசில்லாத வாட்ஸ். மிச்சத்தை டி.ஐ வழியா மிக்சருக்குக் குடுத்தாச்சு. 3.3 பாக்ஸ் பின்னாடி பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிட்டு மார்க்கர்ல '4 ஓம்ஸ்'னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கான். சித்தி இன்னும் பேசல.

காது பத்தி தனியா ஒரு பதிவு போடுறேன். இப்போதைக்கு ஒண்ணு: 85 டெசிபல்னா எட்டு மணி நேரம், 100 டெசிபல்னா கால் மணி நேரம். மேடையில டிரம்ஸ் பக்கத்துல நிக்கிறவங்க காதடைப்பான் போடுங்க. பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் கூடாதுங்கிற 2000ஆம் வருஷ விதியையும், ஆஸ்பத்திரியைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம்ங்கிறதையும் நான் ஞாபகப்படுத்தினா சுயநலம்னு சொல்வீங்க. ஆமா, சுயநலம்தான்.

எல்லாத்தையும் மீறி மேடையில யாருக்காவது ஷாக் அடிச்சா, ஓடிப்போய் ஆளைப் பிடிச்சு இழுக்காதீங்க, ரெண்டாவது ஆளா நீங்களும் ஒட்டிக்குவீங்க. மெயினை அணைங்க, இல்லைன்னா ஜெனரேட்டரை. அணைக்க முடியலைன்னா காஞ்ச கட்டையால ஒயரைத் தள்ளுங்க. பேச்சு மூச்சு இல்லைன்னா 108க்கு ஒருத்தர் போன் போடட்டும், இன்னொருத்தர் நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை அழுத்தணும், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. உடனே எழுந்து உக்காந்து "ஒண்ணுமில்லண்ணா, அடுத்த பாட்டு போலாம்"ன்னு சொன்னாலும் விடாதீங்க. பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, ஒரு ஈசிஜி எடுக்கணும். வெளிய காயம் சின்னதா தெரிஞ்சாலும் உள்ள தசை வெந்திருக்கலாம், ஒண்ணுக்கு கோலா நிறத்துல போனா அது கிட்னிக்கு ஆபத்து. ஈசிஜி எங்ககிட்ட இலவசம்.